வானொலியும் மறுமொழியும்

திண்ணையில் அமர்ந்து ஒருவர் ஒன்றைச் சொன்னால், எதிர்த் திண்ணையிலிருந்து அதற்கு ஒரு மறுசொல் எழும். ‘அப்படியன்று, நடந்தது இது’ என்று மூன்றாமவர் திருத்துவார். சந்தையிலும், பள்ளிவாசல் முற்றத்திலும், தேநீர்க் கடைப் பலகையிலும் நம் முன்னோர் நடத்திய ஊர்ப் பேச்சுக்கு இதுவே இலக்கணம். இருபதாம் நூற்றாண்டில் நம் இல்லங்களுக்குள் புகுந்த வானொலி இந்த இலக்கணத்தை மாற்றியமைத்தது. அது பேசும், நாம் கேட்போம். நாம் பேசினால் அதன் செவியில் விழாது. அரசியல், இனம், ஊர் வாழ்வு ஆகிய மூன்றையும் பற்றிய பேச்சு இப்படி ஒருவழிப் பாதையில் நடந்தபோது என்ன விளைந்தது, மக்களுக்கு மறுமொழி கூறும் வாய்ப்புக் கிட்டியபோது என்ன விளைந்தது என்பதைப் பழனி மலைச்சாரலில் தொடங்கி நாம் சற்று நோக்குவோம்.

மலையூரும் அதன் மக்களும்

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடி செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் பெரும்பாறை. காப்பியும், மிளகும், மலைவாழையும் விளையும் பூமி அது. அண்மையில் தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. காட்டையே வாழ்வாகக் கொண்ட பளியர்கள் இம்மலையின் பழங்குடியினர். குன்றுவர் நெடுங்காலமாக இங்கே உழவு செய்து வருபவர்கள். மலையின் மேற்பகுதியான கொடைக்கானலில் 1845-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டிக் குடியேறினர். அதன்பின் வெள்ளையரின் கோடை வாசம் அங்கே பெருகிற்று. சமவெளியிலிருந்து பல சமயத்தாரும் வணிகம் செய்யவும் தோட்ட வேலை பார்க்கவும் மலையேறினர். அடிவாரத்து வத்தலக்குண்டு, பெரியகுளம் பகுதிகளில் நம் ராவுத்தர் குடும்பங்கள் வாழ்ந்து வருவதை வாசகர் அறிவர்.

இவர்களுடன் மற்றொரு கூட்டத்தாரையும் நாம் சேர்த்தெண்ண வேண்டும். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென முடிவாயிற்று. பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறி வந்தவருள் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதிகளிலும் குடியேறினர். தேயிலை மலையை இழந்தவர்கள் வேறொரு மலையில் கூலிகளாயினர். அவருள் சிலர் கடனுக்கு ஆட்பட்டுக் கொத்தடிமைகளாய் அல்லலுற்ற செய்தி 1980-களில் வெளிவந்து நாட்டையே நாணச் செய்தது. ஆக, இனம், அரசியல், பிழைப்பு என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த மலை இது.

கேட்டிருந்த காலம்

சென்னையில் 1924-இல் மாகாண வானொலிக் கழகம் தோன்றி, பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி மக்களைக் கேட்கச் செய்தது. 1938 ஜூனில் சென்னை வானொலி நிலையமும், 1939 மேயில் திருச்சி நிலையமும் தோன்றின. சிற்றூர்தோறும் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வைக்கப்பட்ட வானொலிப் பெட்டியின் முன் ஊரே கூடிக் கேட்டது. அது கூட்டம்தான், ஆனால் பெட்டியோடு உரையாட எவராலும் இயலாது.

1952-இல் மைய அமைச்சர் கேஸ்கர் திரையிசைக்கு வானொலியில் இடமில்லாமற் செய்தார். மக்கள் வேறு வாசலைத் தேடினர். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இலேயே தொடங்கியிருந்தது. மத்திய அலைகள் இரவு நேரத்தில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையவை. ஆதலால் கொழும்பின் குரல் பாக் நீரிணையைக் கடந்து தென்தமிழகமெங்கும் தெளிவாக ஒலித்தது. அந்த நிலையத்தில் எஸ்.பி. மயில்வாகனன் முதலியோர் புகழ் பெற்றனர். நம் சமுதாயத்தவரான பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழ் உச்சரிப்பைக் கேட்டு மகிழாத தமிழ்க் குடும்பம் அரிது. ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை அவர் நடத்திய விதம் இன்றும் பேசப்படுகிறது.

இலங்கை வானொலியின் கவர்ச்சி பாட்டில் மட்டும் அடங்கவில்லை. தமிழகத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் அஞ்சலட்டை எழுதிப் போட்டால், அவர் பெயரும் ஊர்ப் பெயரும் கடல் கடந்து ஒலித்துத் திரும்பி வரும். எங்கோ ஒரு மூலையில் வாழ்பவரும் இவ்வுலகில் எண்ணப்படுகிறார் என்னும் மகிழ்ச்சி அது. தாயகம் திரும்பியோருக்கோ அக்குரல் இழந்த ஊரின் குரலாகவே இருந்தது. வானொலிக்கு மக்கள் கூறிய முதல் மறுமொழி இந்த அஞ்சலட்டையே எனலாம்.

கேட்டு, கூடி, வினவி

மறுமொழியை முறைப்படுத்திப் பார்த்த முயற்சி ஒன்றும் நம் நாட்டில் நடந்ததுண்டு. 1956-இல் புனே நிலையம், ஐக்கிய நாடுகளின் கல்விப் பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோவின் துணையுடன், பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வோர் ஊரிலும் இருபது பேரளவில் ஒரு குழு கூடி நிகழ்ச்சியைக் கேட்டது. கேட்டபின் தமக்குள் விவாதித்தது. ஐயங்களையும் மறுப்புகளையும் நிலையத்துக்கு எழுதியது. அடுத்த நிகழ்ச்சியில் அவற்றுக்கு விடை வந்தது. இம்முயற்சியை ஆராய்ந்த பால் நியூராத், இக்குழுக்களில் மக்களின் அறிவு வளர்ந்ததோடு, ஊர்க் காரியங்களைக் கூடி முடிவு செய்யும் பழக்கமும் வலுப்பெற்றதைக் கண்டார். 1959 முதல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

தமிழகத்தில் உழவர்க்கான நிகழ்ச்சிகள் இதே வழியில் வேரூன்றின. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, வானொலி வழியே அதனை அறிந்த உழவர் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். கேட்டதை வயலில் இட்டுச் சோதித்து, விளைந்தது கண்டு ஏற்றனர். சொல்லுக்கு நிலமே மறுமொழி கூறியது.

மறுமொழி இல்லாத சொல்

நெல்லைப் பற்றிய சொல் பிழைபட்டால் ஒரு போகம் கெடும். இனத்தைப் பற்றிய சொல் பிழைபட்டால் உயிர்கள் போகும். இதற்கு இலங்கையின் வரலாறே சான்று.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறிய பின் அங்கே இனப்பகை முற்றிற்று. 1958 மே மாதம் பொலன்னறுவைப் பகுதியில் தமிழர் மீது தாக்குதல்கள் தொடங்கின. அதன்பின் மே 25-ஆம் நாள் நுவரெலியாவின் முன்னாள் நகரத் தலைவர் சேனவிரத்ன கிழக்குப் பகுதியில் கொல்லப்பட்டார். மறுநாள் பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியில் நாட்டுக்கு உரையாற்றியபோது, அக்கொலையே கலவரத்துக்குத் தொடக்கம் என்னும் பொருள்படப் பேசினார். தாக்குதல்கள் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டன என்று அந்த இரவில் எடுத்துரைக்க வழி யாருக்கும் இல்லை. சிங்கள இல்லங்களில் அச்சொல் தமிழர்மீது பழியாக விழுந்தது. அதன்பின் வன்முறை மேலும் பரவியதை அக்காலத்தை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். பிரதமர் கலவரத்தை விரும்பினார் என்று நாம் சொல்லவில்லை. திருத்துவோர் இல்லாத இடத்தில் உயர்ந்தவர் வாயிலிருந்து வரும் ஒரு பிழையான சொல்லும் தீயாகும் என்பதே நாம் சொல்ல விழைவது.

ஆறாண்டுகள் கழித்து, 1964 ஜூலை 21-ஆம் நாள், சிங்கப்பூரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே மோதல் மூண்டது. அன்றிரவே ஊரடங்கு ஆணை பிறந்தது. பிரதமர் லீ குவான் யூ வானொலியில் மக்களை அமைதி காக்குமாறு வேண்டினார். யார் தொடங்கியது, எவ்வாறு தொடங்கியது என்னும் ஆராய்ச்சி பின்னர் ஆகட்டும், இப்போது தேவை அமைதி என்னும் பாங்கில் அவ்வுரை அமைந்தது. தொடர்ந்து தொகுதிதோறும் பல இனத்துப் பெரியோரைக் கொண்ட நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வானொலியின் சொல்லுக்கு வீதியில் மறுமொழி கூறவும், வதந்தியை மறுக்கவும் ஆட்கள் இருந்தனர். ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் கலவரம் எழத்தான் செய்தது. குழுக்கள் மந்திரக்கோல் அல்ல. எனினும் பழிசுமத்தும் குரலுக்கும் அமைதி வேண்டும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு இரவுகளும் நமக்குக் காட்டுகின்றன.

மக்களுக்குத் தொலைபேசி வழியே பேச இடம் தந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா கொடிய சான்று. அங்கே 1993 ஜூலையில் தொடங்கிய ‘ஆயிரம் குன்றுகள்’ வானொலி, இசையும் நகைச்சுவையும் நேயர் உரையாடலுமாகத் திண்ணைப் பேச்சுப் போலவே ஒலித்தது. ஆனால் பேசியோர் யாவரும் ஒரே தரப்பினர். டுட்சி இனத்தாரைக் கரப்பான் பூச்சிகள் என்றது அவ்வானொலி. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். இழித்துரைக்கப்பட்டவர் அதே ஒலிவாங்கியின் முன் வந்து ‘நாங்களும் மனிதரே’ என்று சொல்ல ஒரு நாழிகையும் கிட்டவில்லை. அவ்வானொலியை நிறுவியோரை 2003 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. மாண்டவர் மீளவில்லை.

அமெரிக்காவில் இச்சிக்கல் சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் எட்டியது. ஒரு பொருளைப் பற்றிப் பேசும் நிலையம் மாற்றுக் கருத்துக்கும் இடந்தர வேண்டும் என்னும் விதி அங்கே 1949-இல் வகுக்கப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்து ரெட் லயன் என்னும் சிற்றூரின் வானொலியில் 1964-இல் ஒரு சமயப் போதகர் ஓர் எழுத்தாளரைத் தாக்கிப் பேசினார். எழுத்தாளர் மறுமொழிக்கு நேரம் கேட்டார். நிலையம் இலவசமாகத் தர மறுத்தது. 1969-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒலிபரப்பாளரின் உரிமையைவிடக் கேட்போரின் உரிமையே மேலானது எனத் தீர்ப்பளித்தது. 1987-இல் அவ்விதி கைவிடப்பட்டது. அதன்பின் ஒரு தரப்பே நாள்முழுதும் பேசும் அரசியல் வானொலிகள் அங்கே பெருகின.

நம் நாட்டின் வழி

நம் நாட்டில் வானொலி அரசின் கையிலேயே வளர்ந்தது. சமயங்களையும் சமூகங்களையும் தாக்கலாகாது, கட்சிகளைப் பெயர் சுட்டி இகழலாகாது என்னும் நெறிமுறை அதற்கு உண்டு. இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கலாகாது. நம் வானொலி எந்தச் சமூகத்தார் மீதும் வெறியூட்டும் களமாகவில்லை. ஆனால் இழப்பும் உண்டு. ஊர் அரசியலும், சாதிக் கொடுமையும், நிலத் தகராறும், மக்கள் வாயில் நாளும் வழங்கியும் வானொலியில் ஏறவில்லை. 1957-இல் வானொலிக்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயரிட்டபோது தமிழகம் எதிர்த்தது. 2023 மேயில் அப்பெயரையே எங்கும் வழங்க ஆணை வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. பெயரைக் குறித்த அந்த எதிர்ப்பும் வீதியிலும் ஏடுகளிலும் நடந்ததே அன்றி வானொலியில் நடந்ததில்லை. தேர்தல் காலத்தில் எதிர்க்கட்சிகளுக்கும் வானொலியில் பேச நேரம் கிட்டியது 1977-இல்தான்.

1995 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்புரைத்தது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலியும், 2016-இல் பாம்பன் மீனவர்க்கென ‘கடல் ஓசை’யும் தோன்றின. ஆயினும் தனியார் வானொலியும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி திரட்டிச் சொல்ல இசைவு தரப்படவில்லை. அரசு நிலையத்தின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்ப மட்டுமே பின்னர் இடம் தரப்பட்டது. மக்கள் பேசலாம், ஆனால் தம் ஊரில் நேற்று நடந்ததைச் செய்தியாகச் சொல்லலாகாது. வீட்டின் கதவைத் திறந்து, கூடத்தைப் பூட்டிவைத்தாற்போன்றது இது.

பழனி மலையில் கொடைக்கானல் பண்பலை, சென்ற நூற்றாண்டின் முடிவும் இந்நூற்றாண்டின் தொடக்கமும் சந்தித்த ஆண்டுகளில் 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. பண்பலை ஏறத்தாழ ஒளியைப் போல் நேர்கோட்டிற் செல்வது. 2000 மீட்டர் உயரத்தில் நின்று நோக்கினால் அடிவானம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஆகவே மலைமேல் நட்ட ஒரு கோபுரத்தின் குரல் பல மாவட்டங்களை எட்டிற்று. நெடுங்காலம் கேட்டிருந்த மலை இப்போது பேசிற்று. சமவெளியிலிருந்து தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொன்னார்கள்; பாட்டுக் கேட்டார்கள்; பயிர் நோய்க்கு மருந்து கேட்டார்கள்.

இதில் நாம் கருத வேண்டிய இயல்பு ஒன்றுண்டு. நேர்கோட்டிற் செல்லும் அலை மலை மடிப்பின் பின்னே நிழல் விழச் செய்யும். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர் தெளிவாகக் கேட்க, அருகிலுள்ள பள்ளத்தாக்கின் குடிசை கேளாதிருத்தல் கூடும். பேச்சிலும் இத்தகைய நிழல் உண்டு. வாழ்த்தும் பாட்டும் எளிதில் ஒலிவாங்கியை எட்டும். பளியர்க்குக் காட்டில் உள்ள உரிமை, இலங்கையிலிருந்து திரும்பியோரின் நில உரிமை, தோட்டக் கூலி ஆகியன நிழலிலேயே தங்கிவிடும். அருகிருப்போர் குரலை எட்டச் செய்வதே ஊர் வானொலியின் முதற்கடன் என்று நாம் கருதுகிறோம்.

நம் சமுதாயம் கற்ற பாடம்

வானொலிச் சொல்லை எவ்வாறு ஏற்பது என்னும் வினா நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ரமளான் பிறை, ஷவ்வால் பிறை பற்றிய அறிவிப்பு வானொலியில் வரத் தொடங்கிய காலத்தில் ஆலிம்கள் நெடிது விவாதித்தனர். கண்டவர் நேரில் வந்து கூறுவது சாட்சியம். பெட்டியில் வருவது செய்தி. பேசுபவர் யார், கண்டவர் யார், கண்ட இடம் எது, பொறுப்பேற்று அறிவிப்பவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே அச்செய்தியைக் கொள்ளலாமா தள்ளலாமா என்று ஆராய்ந்தனர். முடிவில் வேறுபாடுகள் இருந்தன. ஆராயாமல் ஏற்பதில்லை என்பதில் வேறுபாடு இல்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதித்த மரபின் வழிவந்த ஒழுக்கம் இது.

பிறையைப் பற்றிய செய்திக்கு இத்தனை ஆராய்ச்சி செய்த நாம், அண்டை வீட்டாரைப் பற்றிய செய்திக்கு அதைவிடக் குறைவாகச் செய்யலாமா? இன்று வானொலியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. குரற்பதிவுகள் இரவோடிரவாக ஊர் ஊராய்ப் பறக்கின்றன. ஒரு சமூகத்தாரைப் பற்றி மற்றொரு சமூகத்தார் கேட்கும் சொல்லுக்குப் பேசியவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, திருத்துவாரும் இல்லை. 1958-இல் ஒரு வானொலி நிலையத்துக்கு இருந்த ஆற்றல் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

பொதுவெளியில் பேசத் தடைசெய்யப்பட்ட செய்தி அழிந்துபோவதில்லை. அது கிசுகிசுப்பாகிப் புறவழியே ஓடும். கிசுகிசுப்புக்கு மறுமொழி கூற முடியாது. ஆகவே ஊர் வானொலிகளுக்கு ஊர்ச் செய்தி பேசும் உரிமை வேண்டும். ஒருவரைப் பற்றிப் பேசினால் அவரையே அழைத்து அதே நேரத்தில், அதே அலைவரிசையில் பேசவைக்கும் கடமையும் அதனுடன் கட்டாயமாதல் வேண்டும். உரிமை மட்டும் இருந்தால் அது ருவாண்டாவின் வழி. வாய்ப்பூட்டு மட்டும் இருந்தால் அது வதந்தியின் வழி. இரண்டுக்கும் நடுவே நம் முன்னோரின் திண்ணை இருக்கிறது.

அரசு அதனைச் செய்யும் நாள் வரும்வரை நம் ஜமாஅத்துகள் வாளாவிருக்க வேண்டியதில்லை. மஹல்லாவில் ஒரு செய்தி பரவினால், அது யாரைப் பற்றியதோ அவரை அழைத்துக் கேட்பதும், பிற சமயத்துப் பெரியோரோடு அமர்ந்து உண்மை தெளிவதும் நம்மால் இயல்வனவே. காப்பித் தோட்டத்துக் கூலிக்காரரும், பளியரும், கடல் கடந்து வந்தவரும், கடை வைத்திருப்பவரும் ஒருவர் சொல்லுக்கு ஒருவர் மறுசொல் கூறி, கூறியதை அமைதியாகக் கேட்கும் ஊரில் எந்தத் தீய குரலுக்கும் நெடுநாள் வாழ்வில்லை. அத்தகைய ஊர்களாக நம் ஊர்களை ஆக்குவது நம் கையில் இருக்கிறது.